தம்பியின் கால்கட்டு

எலும்பை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர்தான். கெடாவில் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவுக்கு நிலம் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மண்வெட்டும் பேக்கோ இயந்திரம் ஓட்டுகிறவர். ஓடை ஓரத்தில், ரப்பர் காலத்திலும் செம்பனைக் காலத்திலும் யாரும் மரம் நடாமல் விட்டிருந்த ஒரு துண்டு நிலத்தில் புதிதாக வடிகால் வெட்டச் சொல்லியிருந்தார்கள். மண்ணை அள்ளிக் கொட்டியபோது, தேயிலைச் சாயம் ஏறினது போலப் பழுப்பாக ஒரு நீள எலும்பு விழுந்தது.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து சத்தம் போட்டிருக்கிறார்.

"மாட்டு எலும்பா இருக்கும்லா! வேலயப் பாரு."

"மாடு சப்பாத்து போடாதுங்க" என்றாராம் இவர். வெட்டிய மண் சுவரில் ஒரு சப்பாத்தின் அடிப்பாகம் நீட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று வெயிலில் உட்கார்ந்துவிட்டார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதும் ஒரே வரிதான்: "யாரோ ஒரு ஆளு, பாவம், அங்கனக்குள்ள படுத்திருக்காரு."

போலீஸ் வந்தது. பிறகு அலோர் ஸ்டாரிலிருந்து அரும்பொருள் காட்சியக இலாகாக்காரர்கள் வந்தார்கள். ஓடைக்குள் தேடியபோது நசுங்கிய அலுமினியத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் பாதி அழிந்த எண்கள் இருந்தன. ஜப்பான்காரன் இறங்கிய காலத்தில் இந்தப் பக்கத்து விமானத் திடலிலிருந்து பறந்து, திரும்பி வராமல் போன ஆஸ்திரேலிய விமானங்களில் ஒன்று அது என்று தெரிந்தது. மூன்றாவது மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் வந்து, ஓடை ஓரத்தில் கூடாரம் அடித்துவிட்டார்கள்.

மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்க உள்ளூர்ப் பெண்கள் நான்கு பேர் தேவை என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்கு எலும்பப் பத்தி என்னாங்க தெரியும்?" என்று சண்டை பிடித்தேன்.

"கையுறையில ஊசி ஓட்ட கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?"

அது உண்மை. சுங்கை பட்டாணியில் ரப்பர் கையுறை ஆலையில் பதினெட்டு வருடம் ஓட்டை பார்க்கிற வேலை செய்தேன். காற்றடித்த கையுறையை விளக்கில் காட்டி, கண்ணுக்குத் தெரியாத துளையைப் பிடிக்க வேண்டும். முழங்கால் வலி வந்து நின்றுவிட்டேன். கண் மட்டும் அப்படியே இருந்தது.

எங்களுக்கு மேலாளாக இருந்தவர் ஒரு பெண் டாக்டர். நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, எலும்பு படிக்கிற டாக்டர். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் முகம் இறால் மாதிரி சிவந்துவிடும். அவர் பேசும் ஆங்கிலத்தை எங்களுக்கு மலாயில் மாற்றிச் சொல்ல அரும்பொருள் இலாகாவிலிருந்து ஓர் இளம் மலாய்ப் பெண் வந்தாள். அவளுக்கு வீடு மெர்கோங்கில். அதனால் நாங்கள் அவளை மெர்கோங் பொண்ணு என்றே சொன்னோம். அவள் எங்களை அக்கா என்று கூப்பிட, டாக்டரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். காலையில் கூடாரத்துக்குள் நுழையும்போதே, "பசியாறிட்டீங்களா, அக்கா?" என்று தமிழில் கேட்பார். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அதற்குப் பிறகு வேறு எந்தத் தமிழும் அவர் வாயில் நுழையவில்லை.

இரண்டாம் வாரம், கழுத்துப்பட்டை எலும்பு ஒன்றைத் தூரிகையால் சுத்தம் செய்து எங்களிடம் காட்டினார். அதன் நுனி இன்னும் முழுதாக ஒட்டாமல் இருந்தது. வளர்ந்துகொண்டிருந்த ஆள், இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும் என்று மெர்கோங் பொண்ணு மாற்றிச் சொன்னாள்.

எங்களில் மூத்தவள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, தம்பிடி இது. என் கடசிப் பையன விட சின்னப் புள்ள."

அன்றிலிருந்து அவன் எங்களுக்குத் தம்பிதான். "தம்பி பல்லு ஒண்ணு வந்திருக்கு, டாக்டரக் கூப்பிடு." "மழ வருது, தம்பி மேல கித்தானை இழுத்துப் போடுங்க." முன்பின் தெரியாத ஒருவனை ஒவ்வொரு எலும்பாகக் கையில் ஏந்தி, மண்ணைக் கழுவித் துடைத்து வைக்கும்போது பாசம் வராமல் என்ன செய்யும்? என் பிள்ளைகளைக்கூட அவ்வளவு பொறுமையாக நான் குளிப்பாட்டியதில்லை.

மண்டை ஓடு இருந்த பக்கத்து மண்ணைச் சலித்தபோது என் சல்லடையில் ஒரு செப்புக் காசு வந்தது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன் இங்கே புழங்கிய காசு. டாக்டர் வாங்கிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்திருந்திருப்பான் என்று சொல்லி உறையில் போட்டு எண் எழுதினார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கால் பக்கம் திறந்தார்கள். பாத எலும்புகள் சரிந்து, ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நடுவில் துருவேறி மண்ணோடு இறுகிப்போன கம்பி. சப்பாத்து இரண்டும் காலில் இல்லை, பக்கத்தில் கிடந்தன. டாக்டர் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு எழுந்துபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு யாருடனோ தொலைபேசியில் பேசினார்.

மெர்கோங் பொண்ணு எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, காலில் கம்பி இருக்கிறது. உயிரோடு பிடித்து, சப்பாத்தைக் கழற்றி, காலைக் கட்டிப் போட்டுக் கொன்றிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலிடத்துக்கு அறிக்கை போகவேண்டும். குடும்பங்களுக்கும் சொல்வார்கள்."

குடும்பங்கள் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் தனி ஆளாக விமானம் ஓட்டிப் போய்க் காணாமல் போனவர்கள் மூன்று பேர். எங்கள் தம்பி அந்த மூவரில் யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வீட்டிலும் காத்திருந்தார்கள்.

மூத்தவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஒன்று உறுத்தியது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒரு பெண் இறந்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் அம்மா போனபோது குளிப்பாட்ட வருகிறேன் என்று சொன்னவர்கள் யாரும் வந்து சேரவில்லை. நானே செய்தேன். அதைப் பார்த்தவர்கள் அடுத்த சாவுக்கு என்னைத் தேடி வந்தார்கள். தாடை திறந்துகொள்ளாமல் வாய்க்கட்டு, கை இரண்டும் சேர்ந்திருக்கக் கட்டைவிரல் கட்டு, கால் விலகாமல் இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கால்கட்டு. எத்தனை பேருக்குக் கட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. விரல்களுக்குத் தானாக வரும் வேலை அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கெடாவில் வார விடுமுறை. வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, கால நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. ரெண்டு காலையும்."

துணிக்கொடி கட்டுகிற கம்பியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தேன். அவருடைய பெருவிரல் இரண்டையும் சேர்த்துச் சுற்றினேன். அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உனக்குப் பைத்தியமா? உயிரோட உக்காந்திருக்கிறவனுக்குக் கட்டுறியே!"

"தம்பிக்குக் கட்டியிருந்தது எந்த இடம்னு பாக்கணுங்க. கணுக்கால்ல கட்டுனா வளையம் பெருசா இருக்கும். நேத்து நான் பாத்தது இத்துனூண்டு வளையம். அது வெரல்ல கட்டுனது. கொல்றதுக்குக் கட்டுனது இல்ல. செத்த பொறவு கட்டுனது."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு இரண்டு காலையும் மெதுவாக நீட்டினார்.

"கட்டு. எனக்குத்தான் முப்பது வருசத்துக்கு முன்னயே கால்கட்டு போட்டாச்சே, இன்னொன்னு போட்டா என்னா கொறஞ்சிடும்."

கட்டினேன். கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். வெடிப்பு விழுந்த குதிகால், கறுத்த நகம், சுற்றிய கம்பி எல்லாம் படத்தில் தெளிவாக விழுந்தன. கட்டை உடனே அவிழ்த்துவிட்டு, அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் சுங்கை பட்டாணிக்குப் போனோம். டாக்டர் தங்கியிருந்த ஹோட்டலின் வரவேற்பறையில் குளிர்சாதனக் காற்று ஊசியாகக் குத்தியது. படித்தவர்களிடம் போய், நீங்கள் நினைப்பது தவறு என்று எப்படிச் சொல்வது? மெர்கோங் பொண்ணைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டோம். நான் மலாயில் சொல்ல, அவள் அங்கிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க வழக்கம்" என்றேன். "சாதாரணமா துணியில கட்டுவோம். அப்ப துணிக்குப் பஞ்சம். இது பால் வடியிற மங்குக் கிண்ணத்தத் தாங்கறதுக்கு ரப்பர் மரத்துல சுத்துவாங்களே, அந்தக் கம்பி மாதிரி இருக்கு. தோட்டத்துல கைக்குக் கெடைக்கிறது அதுதான்."

டாக்டர் உடனே கார் சாவியை எடுத்தார். அவர் காடியிலேயே மூவரும் தோட்டத்துக்குப் போனோம். கூடாரத்துக்குள் மண்டியிட்டு, கம்பியைச் சுற்றியிருந்த களிமண்ணை மூங்கில் குச்சியால் எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வளையத்துக்குள் இருந்தவை இரண்டே இரண்டு நுனி எலும்புகள். இடது பெருவிரல், வலது பெருவிரல். கணுக்கால் பக்கம் துரு கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது. "டாக்டர், அந்தக் காசு. அது பையில இருந்தது இல்ல. நாங்க நெத்தியில ஒட்டி வப்போம்" என்று என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் மண்டை ஓடு இருந்த பெட்டியைத் திறந்தார். நெற்றி எலும்பில் களிமண் ஒரு பொருக்காக ஒட்டியிருந்தது. ஈரத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அடியில், புருவத்துக்கு மேலே, வட்டமாக ஒரு பச்சைக் கறை. செம்பு எலும்பில் ஊறிய கறை. காசை உறையிலிருந்து எடுத்து அதன் மேல் பிடித்தார். இம்மி பிசகவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனை எலும்பு பார்த்தவர். என் வீட்டுக்காரர் கூடாரத்துக்கு வெளியே போய், ஓடையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

எனக்கு அப்போது அவர்களைப் பார்க்க முடிந்தது. அன்றைக்குத் தோட்ட லயத்து வீடுகளில் குடியிருந்த ஆட்கள். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஊரில் ஜப்பான்காரன் இருக்கிறான். ஒரு வெள்ளைக்காரப் பையனைத் தொட்டது தெரிந்தால் தலை போய்விடும். அப்படியும் அவனைத் தூக்கி வந்து, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, காலைக் கட்டி, இருக்கிற காசில் ஒன்றை நெற்றியில் ஒட்டி, நேராகப் படுக்க வைத்திருக்கிறார்கள். குழியில் இறக்குமுன் கட்டை அவிழ்க்கவேண்டும், காசை எடுக்கவேண்டும். அதைச் செய்ய அவகாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஓடியிருப்பார்கள். அவர்கள் முடிக்காமல் விட்டுப் போனதால்தான் இத்தனை வருடம் கழித்து எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அறிக்கை மாறியது. என் வீட்டுக்காரரின் கால் படமும் அதோடு இணைக்கப்பட்டது. அவருடைய குதிகால் வெடிப்பு இன்று ஆஸ்திரேலியாவில் ஏதோ ஓர் அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. "சொல்லியிருந்தா கழுவிட்டு உக்காந்திருப்பேனே" என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார்.

ஆனாலும் தம்பி யார் என்பது தெரியவில்லை. எலும்பிலிருந்து உயரம் கணக்கிட்டதில் ஒருவர் விலகிவிட்டார், அவர் மிகவும் குள்ளம். மீதி இரண்டு பேர். ஒரு கடைவாய்ப் பல்லைத் துளைத்து மரபணு எடுத்தார்கள். அது தாய்வழியாக வருவதாம். அதனால் அக்கா தங்கை வழிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துப் பஞ்சு அனுப்பச் சொன்னார்கள். கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு டாக்டர் போய்விட்டார். மறுநடவு முடிந்து கன்றுகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. நாங்கள் நால்வரும் கோயிலிலோ கடையிலோ சந்தித்தால் முதல் கேள்வி, "தம்பி சேதி ஏதாச்சும் வந்திச்சா?" என்பதுதான்.

ஒன்றரை வருடம் கழித்து மெர்கோங் பொண்ணு கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவருடைய தங்கை மகளோடு பொருந்திவிட்டது. பெயரைச் சொன்னாள். நான் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். என் வாயில் அது சரியாக விழவில்லை. சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே, அந்த இன்னொரு குடும்பத்துக்கு இன்றைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பிள்ளை இன்னும் எங்கேயோ.

தைப்பிங்கில் இருக்கும் போர்வீரர் மயானத்தில் அடக்கம் செய்வதாக முடிவானது. எங்கள் நால்வரையும் அழைத்திருந்தார்கள். வேன் பிடித்துப் போனோம். அங்கே தங்கை மகளைப் பார்த்தோம். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, கையில் ஊன்றுகோல். அடக்கத்துக்காகத் திரும்பி வந்திருந்த டாக்டர் என்னை அவரிடம் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் ஊன்றுகோலை டாக்டரிடம் கொடுத்துவிட்டு என்னை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

அவர் சொன்னதை மெர்கோங் பொண்ணு என் காதருகில் சொன்னாள். "அவருடைய அம்மாவுக்கு, அண்ணன் செத்துப்போனது தெரியும். பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டுச் செத்தானோ என்பதுதான் கடைசிவரை பயம். சாப்பிடும்போதுகூடத் திடீரென்று அதைக் கேட்பாராம். கம்பியைப் பற்றி நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பயம்தான் உண்மை என்று ஆகியிருக்கும்."

பிறகு அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வழக்கத்தில் இன்னும் செய்யாமல் பாக்கி இருப்பது ஏதாவது உண்டா?

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வாய்க்கரிசி போட்டிருக்க மாட்டார்கள். அரிசிக்கே கஷ்டப்பட்ட காலம்.

அரிசியை நாங்கள் கொண்டு போகவில்லை. வேன் ஓட்டுநர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்தார். சிப்பாய்கள் பெட்டியை இறக்கினார்கள். பாதிரியார் படிக்கவேண்டியதைப் படித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு பாதிரியார் தலையசைக்க, அந்த அம்மாள் குனிந்து, நான் காட்டிக்கொடுத்தபடி கையைப் புரட்டி மூன்று முறை அரிசியைப் போட்டார். அவருக்குப் பின்னால் டாக்டர் போட்டார். அப்புறம் நாங்கள் நால்வரும். மூத்தவள் மட்டும் சத்தமாகவே சொல்லிவிட்டாள்: "போய்ட்டு வா, தம்பி."

அந்த அம்மாள் இன்னும் இரண்டு நாள் கெடாவில் தங்கினார். ஓடை ஓரத்தைப் பார்க்கவேண்டும் என்றார், கூட்டிப்போனோம். செம்பனைக் கன்றுகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் அதிக நேரம் நிற்கவும் இல்லை. வெயில் தாங்கவில்லை. மதியம் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போய், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சுட்ட மீன், கீரை, சம்பல் எல்லாம் வந்தன. வெளியே படகுகள் வரிசையாக நின்றன. நெத்திலி காயும் வாடையை அவர் மூக்கைச் சுருக்கி முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

சாப்பாட்டைத் தொடாமல், என்னிடம் மெர்கோங் பொண்ணு வழியாகக் கேட்டார். "புதைத்தவர்களின் பிள்ளைகள் யாராவது இங்கே இருக்கிறார்களா? ஒருவரிடமாவது நன்றி சொல்லவேண்டும்."

லயங்களை இடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்களிலேயே யாருக்கும் இது தெரிந்திருக்காது. ஆபத்தான காரியம் செய்தவர்கள் பிள்ளைகளிடம்கூட வாய் திறந்திருக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது அதே தோட்டத்தில்தான். அவருடைய ஆட்கள் அதில் இருந்தார்களா இல்லையா என்று அவருக்கே தெரியாது. இதையெல்லாம் மலாயில் சொன்னேன்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவரைப் பார்த்துக் கை கூப்பினார். எங்கே கற்றுக்கொண்டாரோ, விரல்கள் சரியாகச் சேர்ந்திருந்தன.

என் வீட்டுக்காரர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது. மீனின் முள்ளில்லாத நடுச் சதையைப் பிய்த்து அந்த அம்மாளின் தட்டில் வைத்தார்.

"மீனு ஆறுது, சாப்பிடச் சொல்லு" என்றார் என்னிடம்.